‘லேர்ன்’ என்னும் ஆங்கில வினைச்சொல்

ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன்னைப்பற்றி ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள் எழுதுகிறான் என்று கொள்வோம். ‘ஐ ஆம் லேர்னிங் இன் டமில் ஸ்கூல்’ என்பது முதல் வாக்கியம். ‘மை டீச்சர் லேர்ன்ஸ் மீ இங்கிலீஷ்’ என்பது இரண்டாவது. ‘ஐ ஆம் ரீடிங் ஹார்ட் ஃபார் த டெஸ்ட்’ என்பது மூன்றாவது. மூன்றிலும் ஆசிரியரின் சிவப்பு மை விழுகிறது. முதலாவதில் ‘ஸ்டடி’, இரண்டாவதில் ‘டீச்’, மூன்றாவதில் மறுபடியும் ‘ஸ்டடி’ என்று திருத்தம் எழுதப்படுகிறது. மாணவன் அவற்றைப் பார்த்து மூன்று முறை எழுதிக் காட்டுகிறான். எதற்காகத் திருத்தப்பட்டது என்பது மட்டும் அவனுக்கு விளங்குவதில்லை. அடுத்த வாரம் அதே பிழை திரும்ப வருகிறது.

அம் மாணவன் மந்தபுத்தி உடையவன் அல்லன். தமிழில் நினைத்ததை அவன் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தான்; அவ்வளவே. அவன் ஏட்டிலுள்ள சொற்பட்டியலில் லேர்ன் என்பதற்கும், ஸ்டடி என்பதற்கும், ரீட் என்பதற்கும் நேரே ‘படி’ என்றே எழுதியிருக்கிறது. மேசை, நாற்காலி முதலிய பொருட்பெயர்களுக்கு இத்தகைய பட்டியல் போதும். வினைச்சொல்லுக்கு அது போதாது. ஒரு வினைச்சொல்லைப் பிழையின்றி ஆள வேண்டுமாயின், அதன் பொருளெல்லை, அது பிறந்த வகை, அதனோடு சேர்ந்து வரும் சொற்கள் ஆகிய மூன்றும் தெரிந்திருத்தல் வேண்டும். கற்பித்தலையே தொழிலாகக் கொண்டோர்க்கு மிக நெருங்கிய வினையாகிய ‘லேர்ன்’ என்பதனை இம் மூன்று வகையாலும் ஆராய்வது பயனுடைத்து.

பொருள்

லேர்ன் என்னும் வினைக்கு இன்றைய ஆங்கிலத்தில் நான்கு பொருள்கள் சிறப்பாக வழங்குகின்றன. அறிவையோ திறனையோ பெறுதல் ஒன்று. மனப்பாடம் செய்தல் மற்றொன்று. ஒரு செய்தியைக் கேள்வியுறுதல் மூன்றாவது. பட்டறிவினால் ஓர் உண்மையை உணர்தல் நான்காவது. நான்கிற்கும் பொதுவான கருத்து ஒன்று உண்டு. முன்பு இல்லாத ஒன்று இப்போது மனத்தில் வந்து நிலைத்துவிட்டது என்பதே அது. ஆகவே லேர்ன் என்பது விளைவைக் குறிக்கும் வினை.

ஸ்டடி என்பது முயற்சியைக் குறிக்கும். ஆர்வம், ஊக்கம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழியே வந்தது அது. ரீட் என்பது எழுத்தைக் கண்ணால் கண்டு பொருள் கொள்ளுதலைக் குறிக்கும். இம் மூன்றின் வேறுபாட்டை இரண்டு எடுத்துக்காட்டுகளால் மாணவர்க்கு விளக்கிவிடலாம். விடிய விடியப் புத்தகத்தின்முன் அமர்ந்திருந்தும் ஒன்றும் மனத்தில் ஏறாத மாணவன் ஸ்டடி செய்தான். ஆனால் லேர்ன் செய்யவில்லை. தவழும் குழந்தை எழுந்து நடக்க லேர்ன் செய்கிறது. ஆனால் அதற்காக எதனையும் ஸ்டடி செய்வதில்லை.

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. கல், பயில், ஓது, வாசி, அறி என்று தனித்தனி வினைகள் தமிழில் உள. ஆயினும் அன்றாடப் பேச்சில் ‘படி’ என்னும் ஒரு சொல் இவற்றுள் பலவற்றை விழுங்கிவிட்டது. ‘செய்தித்தாள் படிக்கிறான்’, ‘சோதனைக்குப் படிக்கிறான்’, ‘சட்டம் படிக்கிறான்’, ‘பாட்டுப் படிக்கிறான்’ என்னும் நான்கையும் நோக்குக. முதலாவதற்கு ஆங்கிலத்தில் ரீட் வரும். இரண்டாவதற்கு ஸ்டடி வரும். மூன்றாவதற்கு ஸ்டடி வருவதோடு, பல்கலைக்கழகக் கல்வியாயின் பிரிட்டிஷ் வழக்கில் ரீட் என்பதும் வரும். நான்காவதற்கு வருவதோ, பாடுதலைக் குறிக்கும் ‘சிங்’. நான்கனுள் ஒன்றிலும் லேர்ன் வந்து அமரவில்லை என்பது கருதத்தக்கது. லேர்ன் என்பதன் நேர் உறவு ‘படி’ அன்று, ‘கல்’ என்பதே.

பிறப்பு

ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்பர். அம்மொழியில் இவ்வினையின் வடிவம் ‘லெயோர்னியன்’. இதன் செருமானிய உடன்பிறப்பு ‘லெர்னென்’. இவ்விரண்டிற்கும் இன்னும் பின்னே சென்றால், 4ஆம் நூற்றாண்டில் விவிலியம் மொழிபெயர்க்கப்பெற்ற கோத்திய மொழியில் ‘லைஸ்’ என்னும் சொல் காணப்படுகிறது. அதற்கு ‘அறிவேன்’ என்பது பொருள். கோத்தியத்தில் ‘ஸ்’ என நின்ற ஒலி ஆங்கிலத்தில் ‘ர்’ எனத் திரிந்தது. இத்திரிபு இச்சொல்லுக்கு மட்டும் உரியதன்று. ஒருமையில் ‘வாஸ்’ என்று வரும் சொல் பன்மையில் ‘வேர்’ என்று வருவதும் இத்திரிபினாலேயே.

இச்சொற்களுக்கெல்லாம் மூலமாக மொழிநூலார் ‘லெய்ஸ்’ என்னும் வேரைக் காட்டுவர். அதன் பொருள் தடம், உழவுச்சால் என்பதாகும். தடத்தைப் பற்றிச் செல்லுதல் என்னும் கருத்திலிருந்தே அறிதல், கற்றல் என்னும் கருத்துகள் கிளைத்தன. காட்டில் விலங்கின் காலடி பார்த்துச் செல்பவன் இறுதியில் அதன் இருப்பிடத்தை அறிகிறான். முன்னே சென்றோர் பதித்த அடியைப் பற்றிச் செல்பவன், அவர்கள் கண்டதைத் தானும் காண்கிறான்.

இவ்வேரின் குடும்பத்தார் பலர் இன்றும் ஆங்கிலத்தில் வாழ்கின்றனர். வழிவழி வந்த அறிவைக் குறிக்கும் ‘லோர்’ என்னும் சொல் இதன் உறவே. நாட்டார் வழக்காற்றைக் குறிக்க 1846ஆம் ஆண்டில் வில்லியம் தாம்ஸ் என்பார் ஆக்கிய ‘ஃபோக்லோர்’ என்னும் சொல்லில் அது நிலைபெற்றிருக்கிறது. செருப்புத் தைப்போர் அளவுக்காகப் பயன்படுத்தும் கால்வடிவக் கட்டைக்கு ஆங்கிலத்தில் ‘லாஸ்ட்’ என்று பெயர். காலடித் தடம் என்னும் பொருளினின்று வந்தது அது. நீடித்தல் எனப் பொருள்படும் ‘லாஸ்ட்’ என்னும் வினையும், தடத்தை விடாது தொடர்தல் என்னும் கருத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்ததாம். செருமானிய மொழியில் இருப்புப்பாதையைக் குறிக்கும் ‘கிளைஸ்’ என்னும் சொல்லும் இவர்களுக்கு உறவு.

இன்னும் வியப்பான உறவு ஒன்று உண்டு. கடுங்காய்ச்சலில் நோயாளி பிதற்றுவதை மருத்துவர்கள் ‘டெலிரியம்’ என்பர். இலத்தீனில் ‘லீரா’ என்பது உழவுச்சாலைக் குறிக்கும். ‘டே’ என்பது விலகுதலைக் குறிக்கும் முன்னொட்டு. ஏர் சாலைவிட்டு விலகி ஓடுவதுபோல் அறிவு தடம்மாறி ஓடுதலே டெலிரியம். தடத்தில் செல்வது கற்றல். தடம் விலகுவது பிதற்றல். ஒரே வேர் இரண்டையும் ஈன்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒலி ஒத்திருப்பதாலேயே இரு சொற்கள் உறவு ஆகிவிடமாட்டா. கடைசி எனப் பொருள்படும் ‘லாஸ்ட்’ என்பது, தாமதத்தைக் குறிக்கும் ‘லேட்’ என்பதன் வழியே வந்த வேறு சொல். லேர்ன் என்னும் சொல்லின் எழுத்துகளுக்குள் காதைக் குறிக்கும் ‘இயர்’ அடங்கியிருப்பது வெறும் எழுத்துப் பொருத்தமே. அதனை எழுத்துக்கூட்டலை நினைவில் வைக்கும் வழியாகச் சொல்லலாம், சொற்பிறப்பாகச் சொல்லலாகாது. தமிழில் பாறைத்துண்டைக் குறிக்கும் ‘கல்’ என்னும் பெயரும், கற்றலைக் குறிக்கும் ‘கல்’ என்னும் வினையும் ஒலியால் ஒன்றாயினும் ஒன்றெனக் கொள்ளாமை போன்றதே இது.

இழந்த இணை

பழைய ஆங்கிலத்தில் லெயோர்னியன் தனித்து நிற்கவில்லை. அதனோடு ‘லேரன்’ என்னும் மற்றொரு வினையும் இருந்தது. அதன் பொருள் கற்பித்தல். லெயோர்னியன் தன்வினை, லேரன் அதே வேரினின்று பிறந்த பிறவினை. அறியச் செய்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழில் கல், கற்பி என்று நிற்கும் இணை போன்றதே இவ்விணை. செருமானியர் இன்றளவும் கற்றலை லெர்னென் என்றும், கற்பித்தலை லேரென் என்றும் கூறி இணையைக் காத்து வருகின்றனர்.

ஆங்கிலம் இதனைக் காக்கவில்லை. லேரன் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. 13ஆம் நூற்றாண்டு அளவில் லேர்ன் என்னும் ஒரு சொல்லே இரு பொருளையும் சுமக்கத் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டில் மைல்ஸ் கவர்டேல் மொழிபெயர்த்த சங்கீதங்களை 1662ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபைப் பொது வழிபாட்டு நூல் ஏற்றுக்கொண்டது. அதில் 119ஆம் சங்கீதத்தின் 66ஆம் வசனத்தில், எனக்கு அறிவைக் கற்பியும் என்று இறைவனை வேண்டுமிடத்தில் லேர்ன் என்னும் சொல்லே நிற்கிறது. அதே வசனம் 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் டீச் என்று நிற்கிறது. 1611இல் அரங்கேறிய ‘த டெம்பெஸ்ட்’ என்னும் ஷேக்ஸ்பியர் நாடகத்திலும், தனக்கு மொழி கற்பித்தவர்களைச் சபிக்கும் காலிபன் அவ்விடத்து லேர்ன் என்றே சொல்கிறான். 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் இப்பொருள் வழக்கிறந்தது என்று குறித்தார். அதன்பின் அது கல்லாதார் பேச்சு என்று ஒதுக்கப்பட்டது.

ஆகவே, தொடக்கத்தில் கண்ட மாணவன் எழுதிய ‘மை டீச்சர் லேர்ன்ஸ் மீ இங்கிலீஷ்’ என்னும் வாக்கியம் ஒரு காலத்தில் நல்ல ஆங்கிலமே. இன்று அது பிழை என்பதில் ஐயமில்லை, திருத்தத்தான் வேண்டும். ஆயினும் அது அறிவின்மையால் விளைந்த பிழை அன்று. கற்றலும் கற்பித்தலும் ஒரே வேரில் பிறக்கவேண்டும் என்று தாய்மொழி அவனுக்கு ஊட்டிய உணர்வே அங்கே வெளிப்பட்டது.

அவ்வுணர்வு உலகில் பல மொழிகளுக்குப் பொது. டச்சு மொழியில் ‘லேரென்’ என்னும் ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘அப்ராண்டர்’ என்பதும் அவ்வாறே. மலேசிய மாணவர்க்கு இவற்றினும் அண்மையான சான்று மலாய் மொழியில் உண்டு. ‘ஆஜார்’ என்பது வேர்ச்சொல். ‘பெலாஜார்’ என்றால் கற்றல்; ‘மெங்ஙாஜார்’ என்றால் கற்பித்தல். ‘பெலாஜார்’ மாணவர், ‘பெங்ஙாஜார்’ ஆசிரியர் என்று கொள்வதில் ஒரு நுட்பம் உண்டு: தமிழெழுத்தில் இரண்டும் ‘பெலாஜார்’ என்றே நின்றாலும், மாணவரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் முதலொலி, கற்றலைக் குறிக்கும் சொல்லின் முதலொலியினின்று வேறுபட்ட வல்லொலியாகும். மரியாதையறியாதவனைக் ‘குராங் ஆஜார்’ என்பதும் போதனை குறைந்தவன் என்னும் பொருளிலேயே. இம்மொழிகளோடு ஒப்பிடும்போது, இன்றைய ஆங்கிலமே வேறுபட்டு நிற்கிறது என்பது புலனாகும்.

அவ்வாறாயின் டீச் என்பது எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் அதற்குக் ‘காட்டுதல்’ என்பது பொருள். அடையாளத்தைக் குறிக்கும் ‘டோக்கன்’ என்னும் சொல் அதற்கு உறவு. லேரன் என்னும் சொல் மறைந்த வெற்றிடத்தில், காட்டுதலைக் குறித்த இவ்வினை வந்து அமர்ந்தது. தடம் காட்டுதல் டீச். தடம்பற்றி நடத்தல் லேர்ன். வேரால் வேறாயினும் கருத்தால் இவ்விரு சொற்களும் அழகிய இணையாகிவிட்டன.

தமிழோ இரண்டு வகையான இணைகளை உடையது. கல், கற்பி என்பது ஒன்று. பேச்சிலும் எழுத்திலும் பெருக வழங்கும் கற்றுக்கொள், கற்றுக்கொடு என்பது மற்றொன்று. பின்னதில் கொள்ளுதலும் கொடுத்தலும் வெளிப்படையாகவே நிற்கின்றன. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணவனைக் ‘கொள்வோன்’ என்றும், அவன் கற்கும் முறையைக் ‘கோடற் கூற்று’ என்றும் பெயரிட்டிருப்பது இங்கு நினையத்தக்கது.

இலக்கண வகுப்பிற்கும் இதனால் ஒரு நன்மை உண்டு. தன்வினை, பிறவினை இணைகள் ஆங்கிலத்தில் இன்னும் சில எஞ்சி நிற்கின்றன. ‘சிட்’ என்றால் உட்கார். ‘செட்’ என்றால் வை. ‘லை’ என்றால் கிட. ‘லே’ என்றால் கிடத்து. ‘ஃபால்’ என்றால் விழு. ‘ஃபெல்’ என்றால் மரத்தை வீழ்த்து. ‘லை’, ‘லே’ என்னும் இரண்டில் ஆங்கிலேயரே தடுமாறுவது உண்டு. திருந்து–திருத்து, வருந்து–வருத்து என்று இலக்கணம் கற்ற தமிழ் மாணவனுக்குக் கிட–கிடத்து என்று சொன்னால் அத் தடுமாற்றம் எழாது. தமிழிலக்கணம் நன்கு கற்றவனுக்கு ஆங்கிலம் கற்பது எளிது என்பதற்கு இது ஒரு சான்று.

வழக்கு

முதலில் ஒலிப்பு. ஏர்லி, ஏர்த், சேர்ச் என்னும் சொற்களில் வரும் உயிரொலியே லேர்ன் என்பதிலும் வரும். எழுத்தைப் பார்த்து ‘லியர்ன்’ என்பதும், தமிழ்ப் பழக்கத்தால் இறுதியில் உகரம் சேர்த்து ‘லேர்னு’ என்பதும் களையவேண்டியவை.

இறந்தகால வடிவம் இரண்டு. பிரிட்டிஷ் வழக்கில் ‘டி’ என்னும் எழுத்தில் முடியும் லேர்ன்ட் என்பதும், ‘இ’, ‘டி’ என்னும் ஈரெழுத்துகளில் முடியும் வடிவமும் வரும். அமெரிக்க வழக்கில் பின்னதே பெரும்பான்மை. ஒரு கட்டுரைக்குள் இரண்டையும் கலவாது ஒன்றையே ஆளுதல் நன்று. பின்னைய வடிவம் பெயரடையாக வந்து கல்விமானைக் குறிக்குமாயின், ‘லேர்னெட்’ என்று ஈரசையாக ஒலிக்கவேண்டும். நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஒருவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரை ‘மை லேர்னெட் ஃபிரண்ட்’ என்பது இவ்வொலிப்பினதே.

திறனைக் குறிக்குமிடத்து ‘டு’ என்பதோடு வினை சேரும். ‘ஹி லேர்ன்ட் டு ஸ்விம்’ என்பது ‘அவன் நீந்தக் கற்றான்’ என்பதாம். தமிழில் ‘நீந்த’ என்னும் செயவென் எச்சம் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘டு ஸ்விம்’ நிற்கிறது. நீந்த, பேச, எழுத, ஓட்ட என்று எச்சங்களை அடுக்கிச் சொல்லி ஆங்கிலமாக்கச் செய்தால், மாணவர் இவ்வமைப்பை விரைவில் பற்றிக்கொள்வர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வண்டியோட்டப் பழகுவோர் தம் வண்டியில் பொருத்தும் ‘எல்’ என்னும் எழுத்து, கற்பவர் எனப் பொருள்படும் ‘லேர்னர்’ என்பதன் முதலெழுத்தே.

செய்தியைக் குறிக்குமிடத்து ‘தேட்’, ‘ஆஃப்’ என்பவை தொடரும். மொழிபெயர்ப்போர் சறுக்கும் இடம் இது. ‘ஐ லேர்ன்ட் தேட் ஹி வாஸ் இல்’ என்பதனை ‘அவர் நோயுற்றிருந்ததைக் கற்றேன்’ என்று எழுதுவது நகைப்பிற்கு இடமாகும். ‘கேள்வியுற்றேன்’ என்பதே தமிழ். ஆங்கில நாளேடுகளில் ‘இட் இஸ் லேர்ன்ட் தேட்’ என்று வருமிடத்துத் தமிழ் நாளேடுகள் ‘தெரியவருகிறது’ என்று எழுதுவது மிகப் பொருத்தமானது.

மனப்பாடத்தைக் குறிக்கும் தொடர் ‘லேர்ன் பை ஹார்ட்’. நினைவு நெஞ்சில் தங்குகிறது என்னும் பழங்கருத்து அதில் உறைந்திருக்கிறது. தமிழர் மனத்தைச் சொல்லி மனப்பாடம் என்றனர். பிறரிடமிருந்தோ தவற்றிலிருந்தோ கற்பதற்கு ‘ஃப்ரம்’ சேர்த்து ‘லேர்ன் ஃப்ரம்’ என்பர். துன்புற்றுத் தெளிந்தவனை ‘ஹி லேர்ன்ட் ஹிஸ் லெஸன்’ என்பர். தமிழில் ‘பட்டுத் தெரிந்துகொண்டான்’ என்பது அதன் இயல்பான வடிவம்.

வகுப்பறையில்

இத்தனையும் மாணவர்முன் ஒரே நாளில் கொட்டுவதற்கு உரியன அல்ல. ஆசிரியர் அறிந்திருக்கவேண்டியது நிறைய. மாணவர்க்கு ஒரு வேளையில் தரவேண்டியது சிறிது. ‘படி’ என்னும் சொல் வரும் நான்கு தமிழ் வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் ‘கண் வேலை செய்கிறதா, முயற்சி நடக்கிறதா, மனத்தில் புதிதாக ஒன்று வந்து சேர்ந்ததா’ என்று கேட்டால் போதும். கண்ணுக்கு ரீட், முயற்சிக்கு ஸ்டடி, விளைவுக்கு லேர்ன் என்று மாணவரே சொல்லிவிடுவர். டீச் என்பதனை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். தாமே கண்டுபிடித்ததை அவர்கள் எளிதில் மறப்பதில்லை.

இதில் தமிழுக்கும் ஆதாயம் உண்டு. லேர்ன் எது, ஸ்டடி எது என்று தேடும் மாணவன், தமிழில் கல் எது, படி எது, பயில் எது என்றும் தேடவேண்டியவன் ஆகிறான். ‘படி’ என்னும் ஒரு சொல்லின் நிழலில் மங்கிக் கிடக்கும் சொற்கள் அவன் நாவில் மீண்டும் உயிர்பெறும். பிறமொழி கற்பதால் தாய்மொழி தேயும் என்று அஞ்சுவோர் உளர். பட்டியலை நெட்டுருச் செய்து கற்றால் அவ்வச்சம் மெய்யாகலாம். வேரும் வழக்கும் ஒப்பிட்டுக் கற்றால் இரு மொழியும் வளரும்.

மாணவன் ஏட்டிலுள்ள இரண்டாம் வாக்கியத்தைத் திருத்தும்போது, சிவப்புக் கோட்டின் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதலாம்: ‘இது முன்னாளில் சரி, இன்று டீச் என்க’ என்று. தன் பிழைக்கும் ஒரு வரலாறு உண்டு என்று காணும் பிள்ளை, ஆங்கிலத்தைக் கண்டு கூசி ஒதுங்கமாட்டான். தடத்தைக் காட்டுவதோடு ஆசிரியர் பணி முடிகிறது. அதில் நடக்கவேண்டிய கால்கள் பிள்ளையுடையவை; அவை அஞ்சாமல் நடக்கும்படி செய்வதே திருத்தத்தின் பயன்.